நிறுவனத்தின் விக்கிப்பீடியா பக்கம்: நாமே திருத்துவதா, கேட்பதா, ஆள் வைப்பதா?

"எங்க காலேஜ் பக்கத்துல பழைய பிரின்சிபால் பேரு இருக்கு சார். மாத்தினா யாரோ திரும்பப் பழசையே கொண்டுவந்து வெச்சிடுறாங்க. விக்கிப்பீடியா ஆபீஸ் நம்பர் இருந்தா குடுங்களேன்."

இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை எனக்கு இப்படி ஒரு போன் வரும். கல்லூரிக்குப் பதில் சில நேரம் மருத்துவமனை, சில நேரம் அறக்கட்டளை. நம்பர் எதுவும் கிடையாது. சான் பிரான்சிஸ்கோவில் இருக்கும் விக்கிமீடியா அறக்கட்டளை விக்கிப்பீடியாவின் சர்வரைப் பார்த்துக்கொள்ளும், சட்ட விவகாரங்களைப் பார்க்கும். கட்டுரைக்குள் என்ன இருக்க வேண்டும் என்று முடிவு செய்வது சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள்தான்.

அந்தக் கல்லூரியின் பக்கத்தில் 'வரலாற்றைக் காட்டவும்' என்பதைச் சொடுக்கிப் பார்த்தேன். நான் நினைத்தபடியே இருந்தது. காலை 11:02க்கு, கல்லூரியின் பெயரையே பயனர் பெயராக வைத்துக்கொண்ட ஒரு கணக்கு முதல்வர் பெயரை மாற்றியிருக்கிறது. சரியான மாற்றம்தான், ஆனால் சான்று இல்லை. 11:09க்கு அதே கணக்கு, கல்லூரி இணையதளத்திலிருந்து "உலகத் தரம் வாய்ந்த கட்டமைப்பு வசதிகளுடன்" என்று தொடங்கும் நாலு பத்தியை அப்படியே ஒட்டியிருக்கிறது. 11:14க்கு, விடுதிக் கட்டணம் தொடர்பாக மாணவர்கள் நடத்திய போராட்டம் பற்றிய பகுதி காணாமல் போயிருக்கிறது. அதற்குச் சுருக்கக் குறிப்பு எதுவும் எழுதவில்லை. 11:19க்கு, அண்மைய மாற்றங்களைக் கவனித்துக்கொண்டிருந்த ஒருவர் மொத்தத்தையும் ஒரே சொடுக்கில் பழைய நிலைக்குக் கொண்டுபோய்விட்டார். களையோடு பயிரும் போயிற்று. கல்லூரி விடவில்லை, மறுபடியும் ஒட்டியது. சாயங்காலத்துக்குள் கணக்குக்குத் தடை.

முதல்வர் பெயர் மட்டும் மாறியிருந்தால், இந்த போன் வந்தே இருக்காது.

## எதை வைத்து முடிவு செய்வது?

வழிகளைப் பார்ப்பதற்கு முன்னால் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும்: உங்களுக்கு என்ன வேண்டும்? தவறான தகவல் திருந்த வேண்டுமா, பிடிக்காத தகவல் போக வேண்டுமா, இல்லாத பக்கம் வர வேண்டுமா? மூன்றும் வேறு வேறு. முதலாவதற்கு வழி உண்டு. மூன்றாவதற்குச் சில நேரம் உண்டு. இரண்டாவது பெரும்பாலும் நடக்காது. ஆனால் போன் பண்ணுகிறவர்களில் பாதிப் பேர் முதலாவதைச் சொல்லி ஆரம்பித்து இரண்டாவதில்தான் வந்து நிற்கிறார்கள்.

அப்புறம் அளவுகோல்கள். செய்த மாற்றம் நிலைக்குமா, எத்தனை நாள் ஆகும், காசும் ஆள் நேரமும் எவ்வளவு, செய்தது வெளியே தெரிந்தால் என்ன ஆகும். நான் கடைசியானதற்குத்தான் அதிக எடை கொடுப்பேன். அழித்த வரியும் பக்க வரலாற்றில் இருக்கும், யார் அழித்தார்கள் என்பதும் இருக்கும். பத்து வருடம் கழித்து ஒரு நிருபர் வந்து பார்த்தாலும் தெரியும்.

ஒரு விதியையும் சொல்லிவிடுகிறேன். நலன் முரண், அதாவது தனக்குச் சம்பந்தமுள்ள ஒன்றைப் பற்றித் தானே எழுதும் நிலை, இருப்பது குற்றம் இல்லை. தன் கல்லூரி மேல் யாருக்கும் பாசம் இருக்கும். ஆனால் காசுக்குத் தொகுப்பவர் (கட்டுரையை எழுதுபவர், திருத்துபவர்), தன் முதலாளி யார், வாடிக்கையாளர் யார், தனக்கு என்ன தொடர்பு என்பதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று 2014 ஜூனிலிருந்து விக்கிமீடியாவின் பயன்பாட்டு விதிமுறையே சொல்கிறது. 'காசுக்கு' என்றால் வெளியிலிருந்து வரும் ஏஜென்சி மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். மக்கள் தொடர்பு அலுவலர் தன் வேலையின் பகுதியாகத் தொகுத்தால் அவர் வாங்கும் மாதச் சம்பளமும் இதில் சேர்த்திதான்.

| வழி | எத்தனை நாள் | நிலைக்குமா | செலவு | வெளியே தெரிந்தால் |
|---|---|---|---|---|
| நாமே திருத்துவது | ஐந்து நிமிடம் | சின்னத் திருத்தம் நிலைக்கும், புகழுரை நிலைக்காது | இல்லாததுபோல் தோன்றும் | சொல்லிவிட்டுச் செய்தால் பரவாயில்லை, ஒளித்தால் மானம் போகும் |
| உரையாடல் பக்கத்தில் கேட்பது | சில நாள் முதல் மாதக்கணக்கு வரை | நிலைக்கும் | ஒருவரின் சில மணி நேரம், நிறைய பொறுமை | தெரிந்தேதான் நடக்கிறது |
| ஆள் வைத்து எழுதுவது | அவர்கள் சொல்வது ஒரு வாரம் | ஒளித்துச் செய்தால் என்றைக்கு வேண்டுமானாலும் போகும் | ரூபாய், அதன் பின் இன்னும் ரூபாய் | மிக மோசம் |
| ஆவணங்களைத் திறந்துவிடுவது | மாதங்கள், வருடங்கள் | மற்ற எல்லாவற்றையும்விட | ஆள், ஸ்கேனர், உரிமத்தை விட்டுக்கொடுப்பது | பெருமை (சில விதிவிலக்குகள் உண்டு) |
| வக்கீல் நோட்டீஸ் | வருடங்கள் | சொல்ல முடியாது | வக்கீல் கட்டணம் | அதுவே செய்தியாகும் |
| சும்மா இருப்பது | இல்லை | தவறும் நிலைக்கும் | இல்லை | ஒன்றுமில்லை |

## நாமே திருத்துவது

கையில் கடவுச்சொல்லும் இன்டர்நெட்டும் இருக்கும்போது எல்லோருக்கும் முதலில் தோன்றுவது இதுதான். சின்னதும் பெரியதுமாக எல்லா நிறுவனமும் இதில் விழுந்திருக்கிறது.

2006 ஜனவரியில் அமெரிக்க மாசசூசெட்ஸ் மாநிலத்தின் உள்ளூர்ப் பத்திரிகை ஒன்று, காங்கிரஸ் உறுப்பினர் மார்ட்டி மீஹனின் அலுவலக ஊழியர்கள் அவரைப் பற்றிய கட்டுரையை எடுத்துவிட்டு, அலுவலகத்திலேயே எழுதிய வாழ்க்கைக் குறிப்பை வைத்துவிட்டார்கள் என்று செய்தி போட்டது. குறிப்பிட்ட தவணைக்கு மேல் போட்டியிட மாட்டேன் என்று அவர் கொடுத்திருந்த வாக்குறுதி அதில் மறைந்துபோயிருந்தது. அழித்ததால் அந்த விஷயம் நாடு முழுக்கத் தெரிந்தது.

2007 ஆகஸ்டில் விர்ஜில் கிரிஃபித் என்ற மாணவர் விக்கிஸ்கேனர் என்ற கருவியை வெளியிட்டார். உள்நுழையாமல் தொகுத்தவர்களின் ஐபி முகவரி பக்க வரலாற்றில் பதிவாகியிருந்ததல்லவா, அந்த முகவரி எந்த நிறுவனத்துடையது என்று அது தேடிக் காட்டியது. வாக்கு இயந்திரம் தயாரித்த டீபோல்டு நிறுவனத்தின் முகவரியிலிருந்து, அந்த இயந்திரங்களைப் பற்றிய விமர்சனப் பத்திகள் மொத்தமாக நீக்கப்பட்டிருந்தது அப்படித்தான் வெளியே வந்தது. 2015இல் நியூயார்க் காவல்துறைத் தலைமையகத்தின் முகவரிகள் மாட்டின. போலீஸ் பிடியில் இறந்த எரிக் கார்னரைப் பற்றிய கட்டுரையும் அங்கிருந்து தொகுக்கப்பட்டிருந்தது. இப்போது பல விக்கிகளில் ஐபிக்குப் பதிலாகத் தற்காலிகக் கணக்கின் பெயர்தான் எல்லோருக்கும் தெரிகிறது. அதனால் யாரும் பார்க்க முடியாது என்று நினைக்க வேண்டாம், பொறுப்பில் இருப்பவர்களுக்கு ஐபி தெரியும்.

மறைந்திருக்கும் செலவுகள் இன்னும் இரண்டு. ஆங்கில விக்கிப்பீடியாவில் நிறுவனத்தின் பெயரைப் பயனர் பெயராக வைத்தால் அதற்காகவே தடை வரும். ஒரு கணக்கை அலுவலகத்தில் நாலு பேர் பகிர்ந்து பயன்படுத்துவதும் கூடாது. ஜெர்மன் விக்கிப்பீடியாவில் நேர் எதிர்: நிறுவனம் தன் பெயரிலேயே கணக்கு தொடங்கி, மின்னஞ்சல் வழியே உறுதிப்படுத்திக்கொள்ளலாம். எனவே எந்த மொழி விக்கி என்று பார்த்துவிட்டுக் கை வையுங்கள். இரண்டாவது, உங்கள் இணையதள வாசகத்தை ஒட்டினால் அது பதிப்புரிமை மீறலாகவே பார்க்கப்படும். "எங்க எழுத்துதானே?" என்று கேட்பார்கள். உங்கள் எழுத்துதான் என்று பார்ப்பவருக்கு எப்படித் தெரியும்? தெரிந்தாலும், யார் வேண்டுமானாலும் எடுத்து மாற்றி விற்கலாம் என்ற உரிமத்தில் நீங்கள் அதை வெளியிட்டிருக்க வேண்டும். அதையும் செய்துவிட்டாலும் 'உலகத் தரம்' போய்விடும்.

சரி, இந்த வழி எப்போது பொருந்தும்? எழுத்துப்பிழை, உடைந்த இணைப்பு, யாரோ விளையாட்டுக்கு எழுதிவிட்டுப் போன கெட்ட வார்த்தை. உயிரோடு இருக்கும் ஒருவரைப் பற்றி ஆதாரமே இல்லாமல் எழுதிய அவதூறு. இவற்றை யார் வேண்டுமானாலும் உடனே எடுக்கலாம், நீங்களும்தான். தொகுப்புச் சுருக்கத்தில் நீங்கள் யார், ஏன் எடுக்கிறீர்கள் என்று ஒரு வரி எழுதிவிடுங்கள்.

## உரையாடல் பக்கத்தில் கேட்பது

என்னைக் கேட்டால் பத்தில் எட்டுப் பேருக்கு இதுதான் வழி. பத்தில் எட்டுப் பேருக்கு இது பிடிப்பதும் இல்லை, ஏனென்றால் காத்திருக்க வேண்டும்.

உங்கள் சொந்தப் பெயரிலோ புனைபெயரிலோ ஒரு கணக்கு. பயனர் பக்கத்தில், இன்ன நிறுவனத்தில் இன்ன வேலை பார்க்கிறேன் என்று ஒரு வரி. பிறகு கட்டுரையைத் தொடாமல், அதோடு ஒட்டியிருக்கும் 'உரையாடல்' பக்கத்தில் என்ன மாற வேண்டும் என்று எழுதுவது. அந்தக் கல்லூரிக்காரருக்கு நான் எழுதிக் கொடுத்தது ஏறக்குறைய இப்படி இருந்தது:

"நான் இக்கல்லூரியின் மக்கள் தொடர்பு அலுவலர், சம்பளம் பெறும் ஊழியர். (1) தகவற்பெட்டியில் உள்ள முதல்வர் பெயர் பழையது. புதிய முதல்வரின் பெயர் பல்கலைக்கழக இணையதளத்தில் இணைப்புக் கல்லூரிகள் பட்டியலில் உள்ளது, இணைப்பு கீழே. (2) 'போராட்டம்' பகுதியில் வழக்கு தொடரப்பட்டது என்பதோடு நிற்கிறது. வழக்கு முடிந்துவிட்டது. தீர்ப்பு பற்றிய நாளிதழ்ச் செய்தியின் தேதியும் பக்கமும் கீழே. முடிவையும் சேர்க்கக் கோருகிறேன். போராட்டம் பற்றிய பகுதியை நீக்கக் கேட்கவில்லை."

கடைசி வரியை எழுத அவருக்கு மனசே வரவில்லை. "அதை எதுக்கு சார் நாமளே சொல்லணும்?" என்றார். ஆனால் வேலை செய்தது அந்த வரிதான். கோரிக்கையைப் படிக்கும் தன்னார்வலருக்கு முதலில் வரும் சந்தேகம் 'இவர் எதை மறைக்கப் பார்க்கிறார்' என்பது. அந்தச் சந்தேகம் போய்விட்டால், பெயரை மாற்ற அவருக்கு இரண்டு நிமிடம் போதும்.

இதிலும் செலவு உண்டு. ஆங்கில விக்கியில் இப்படிப்பட்ட கோரிக்கைகள் வரிசையில் நிற்கும், நீளமானவை மாதக்கணக்கில் கிடக்கும். பன்னிரண்டு மாற்றங்களை ஒரே மூட்டையாகக் கட்டிக் கொடுத்தால் யாரும் பிரித்துப் பார்க்க மாட்டார்கள். ஒவ்வொன்றாக, 'இந்த வாக்கியத்துக்குப் பதில் இந்த வாக்கியம்' என்று கொடுங்கள். தமிழ் விக்கியில் பிரச்சினை வேறு: உரையாடல் பக்கத்தில் எழுதியதைப் பார்க்க ஆளே இருக்காது. அங்கே எழுதிவிட்டு, ஆலமரத்தடியில் (தமிழ் விக்கியின் பொது விவாதப் பக்கம்) ஒரு குறிப்புப் போடுங்கள், அல்லது அந்தக் கட்டுரையைக் கடைசியாக ஒழுங்காகத் தொகுத்தவரின் பேச்சுப் பக்கத்தில் மரியாதையாகக் கேளுங்கள்.

இன்னொரு செலவும் இருக்கிறது. உங்கள் பக்கத்தைப் பார்க்க ஆளைக் கூப்பிடுகிறீர்கள். வருகிறவர் முதல்வர் பெயரை மாற்றிவிட்டுப் போகாமல், சான்றில்லாத 'சிறந்த கல்லூரி விருது' வரிகளையும் வெட்டிவிட்டுப் போகலாம். அதற்குத் தயாராக இருந்தால் கூப்பிடுங்கள்.

## ஆள் வைத்து எழுத வைப்பது

"விக்கிப்பீடியா பக்கம் உறுதி, கூகுளில் முதலிடம்" என்று மின்னஞ்சல் வந்திருக்கும். முதலிடக் கணக்கை முதலில் முடித்துவிடுவோம். 2007 ஜனவரியிலிருந்து விக்கிப்பீடியாவிலிருந்து வெளியே போகும் இணைப்புகளுக்கு 'நோஃபாலோ' குறி உண்டு. தேடுபொறி அவற்றை உங்கள் தளத்துக்கான சிபாரிசாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று சொல்லும் குறி அது.

'உறுதி' என்ற சொல்லை எப்படி நிறைவேற்றுவார்கள்? பெரும்பாலும் கைப்பாவைக் கணக்குகளால், அதாவது ஒரே ஆள் வேறு வேறு ஆட்கள்போல் நடத்தும் கணக்குகளால். 2013இல் விக்கி-பிஆர் என்ற அமெரிக்க நிறுவனத்தோடு தொடர்புடையதாக 250க்கும் மேற்பட்ட கணக்குகள் முடக்கப்பட்டன, அறக்கட்டளை வக்கீல் நோட்டீசும் அனுப்பியது. 2015 ஆகஸ்டில் வெளிவந்த ஆரஞ்சுமூடி (Orangemoody என்ற கணக்கின் பெயர்) விவகாரம் இன்னும் கேவலம். 381 கணக்குகள் தடை செய்யப்பட்டன, 210 கட்டுரைகள் நீக்கப்பட்டன. அவர்களின் தொழில்முறை இதுதான்: தன்னார்வலர்கள் நிராகரித்த வரைவுகளைத் தேடிப் பிடிப்பது, எழுதியவரைத் தொடர்புகொண்டு காசு கொடுத்தால் ஏற்றித் தருகிறோம் என்பது, ஏற்றிய பிறகு, பக்கம் நீக்கப்படாமல் 'பாதுகாக்க' மாதாமாதம் காசு கேட்பது. நம் ஊரில் இதற்கு மாமூல் என்று பெயர்.

நமக்குப் பக்கத்திலேயே ஒரு கதை உண்டு. ஐஐபிஎம் என்ற மேலாண்மைக் கல்வி நிறுவனத்தைப் பற்றிய ஆங்கிலக் கட்டுரையில் பல வருடம் விமர்சனங்கள் தேய்ந்து, புகழ்ச்சி வளர்ந்துகொண்டிருந்தது. அதில் தொடர்ந்து ஈடுபட்டவர் விஃபியோன் என்ற புனைபெயர் கொண்ட பயனர். சாதாரணப் பயனர் இல்லை, பக்கத்தை நீக்கவும் பயனரைத் தடை செய்யவும் உரிமை உள்ள நிர்வாகி. 2015இல் ஆங்கில விக்கிப்பீடியாவின் நடுவர் குழு விசாரித்து, அவருடைய நிர்வாகி உரிமையைப் பறித்துத் தடையும் விதித்தது. விக்கிக்குள் அவ்வளவு உயரத்தில் இருந்தவருக்கே அதுதான் முடிவு. ஏஜென்சிக்காரர் கொடுக்கும் உறுதியை அதோடு வைத்துப் பாருங்கள்.

ஆனால் வெளி ஆள் என்றாலே மோசம் என்று சொல்லிவிட மாட்டேன். 2014 ஜூனில் ஓகில்வி, எடெல்மன் உள்ளிட்ட பெரிய மக்கள் தொடர்பு நிறுவனங்கள் சேர்ந்து, விக்கிப்பீடியாவின் விதிகளை மதிப்போம் என்று அறிக்கை விட்டன. காசு வாங்குவதைப் பயனர் பக்கத்தில் சொல்லி, உரையாடல் பக்கத்தில் மட்டும் கோரிக்கை வைக்கிற ஆட்களும் உண்டு. உங்கள் அலுவலகத்தில் சான்று தேடி ஒழுங்காக எழுத ஆளில்லை, விஷயமோ சிக்கல் என்றால் அப்படிப்பட்டவரை வைத்துக்கொள்ளலாம். ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "உங்க பயனர் பெயர் என்ன?" சொல்லத் தயங்கினால் காசைக் கொடுக்காதீர்கள்.

## ஆவணங்களைத் திறந்துவிடுவது

நூலகம், அருங்காட்சியகம், பழைய கல்லூரி, நூற்றாண்டு கண்ட பத்திரிகை என்று கையில் சரக்கு இருக்கும் நிறுவனங்களுக்கு இது. உங்களைப் பற்றி எழுதாமல், உங்களிடம் இருப்பதைக் கொடுப்பது.

2008 டிசம்பரில் ஜெர்மனியின் கூட்டாட்சி ஆவணக்காப்பகம் ஏறத்தாழ 80,000 படங்களை விக்கிப்பீடியாவுக்கான படக் கிடங்கான விக்கிமீடியா பொதுவகத்துக்குக் கொடுத்தது. இன்றைக்கும் இருபதாம் நூற்றாண்டு ஜெர்மனியைப் பற்றிய பல கட்டுரைகளில் படத்தைச் சொடுக்கினால் அந்தக் காப்பகத்தின் பெயரைப் பார்க்கலாம். 2010இல் பிரிட்டிஷ் மியூசியம் ஐந்து வாரத்துக்கு ஒரு விக்கிப்பீடியரை உள்ளே உட்காரவைத்தது. அவர் மியூசியத்தைப் புகழ்ந்து எழுதவில்லை. காப்பாட்சியர்களையும் தன்னார்வலர்களையும் ஒரே மேசையில் உட்காரவைத்தார், அங்கே இருக்கும் ரோமானியக் கால ஹாக்ஸன் புதையல் பற்றிய கட்டுரை அப்படித்தான் செழித்தது. தமிழில், இணையக் கல்விக்கழகம் மின்னாக்கம் செய்த நாட்டுடைமை நூல்கள் 2,000க்கும் மேல் விக்கிமூலம் என்ற கட்டற்ற நூலகத்துக்கு வந்தன. கோவைச் செம்மொழி மாநாட்டை ஒட்டி 2010இல் தமிழக அரசோடு சேர்ந்து கல்லூரி மாணவர்களுக்குக் கட்டுரைப் போட்டி நடந்தது.

இதற்கும் விலை இருக்கிறது. படத்தைக் கொடுத்தால் யார் வேண்டுமானாலும் வணிகத்துக்கும் பயன்படுத்தலாம். "அப்ப எவனோ காலண்டர் போட்டு விப்பானே?" என்று அறங்காவலர் ஒருவர் என்னிடம் கேட்டார். ஆமாம், விற்பான், உங்கள் பெயரைப் போட்டு விற்பான். சம்மதமில்லை என்றால் இந்தப் பேச்சையே எடுக்க வேண்டாம்.

நல்ல எண்ணத்தோடு ஆரம்பித்து நலன் முரணில் முடிந்த கதைகளும் உண்டு. 2012இல் ஹார்வர்டின் பெல்ஃபர் மையத்தில் சம்பளத்தோடு ஒரு விக்கிப்பீடியர் அமர்த்தப்பட்டார். நிதி கொடுத்த அறக்கட்டளையை நடத்தியவர், மைய இயக்குநரின் மனைவி. அந்த இயக்குநரின் எழுத்துகள் கட்டுரைகளில் மேற்கோளாக ஏறின. 2014இல் விக்கிமீடியா அறக்கட்டளையே இதைத் தவறு என்று ஒப்புக்கொண்டது. தமிழுக்கு வந்தது வேறு மாதிரி: கூகுள் கூலிக்கு மொழிபெயர்ப்பாளர்களை வைத்து ஆங்கிலக் கட்டுரைகளை இந்திய மொழிகளில் ஏற்றியபோது, ஆங்கில வாக்கிய அமைப்போடு நீள நீளமான கட்டுரைகள் வந்து விழுந்தன. குறை சொல்லக்கூட எதிரே ஆளில்லை. கொடுப்பவருக்குக் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, ஆனால் வாங்குகிற சமூகத்திடம் முதலில் பேசவில்லை. பிறகு பேசினார்கள். போலந்தின் கிதான்ஸ்கில் நடந்த 2010 விக்கிமேனியாவில் (விக்கிப்பீடியர்களின் ஆண்டு மாநாடு) தமிழ் விக்கிப்பீடியர் ஒருவர் இதைப் பற்றி உரையாற்றும் அளவுக்குப் போயிற்று.

## வக்கீல் நோட்டீஸ்

கோபத்தில் தோன்றும் வழி. 2013 ஏப்ரலில் பிரெஞ்சு உள்நாட்டு உளவுத்துறை, பியர்-சுர்-ஓட் ராணுவ வானொலி நிலையம் பற்றிய கட்டுரையை நீக்கச் சொல்லி ஒரு தன்னார்வலரை அழைத்து மிரட்டியது. அவர் நீக்கினார். வேறு நாட்டிலிருந்த இன்னொருவர் மீட்டெடுத்தார். யாரும் சீண்டாமல் கிடந்த அந்தப் பக்கம் அந்த வாரக் கடைசியில் பிரெஞ்சு விக்கிப்பீடியாவிலேயே அதிகம் பார்க்கப்பட்ட பக்கமானது.

இங்கே ஏஎன்ஐ செய்தி நிறுவனம் 2024 ஜூலையில் டெல்லி உயர் நீதிமன்றத்தில் தன்னைப் பற்றிய கட்டுரையில் இருந்த வரிகளுக்காக 2 கோடி ரூபாய் கேட்டு அவதூறு வழக்குப் போட்டது. அந்த வழக்கைப் பற்றிய விக்கிப்பீடியா பக்கமே அக்டோபரில் நீதிமன்ற உத்தரவால் எடுக்கப்பட்டது. 2025 மே 9 அன்று உச்ச நீதிமன்றம் அந்த நீக்க உத்தரவை ரத்து செய்தது. இடையில், பிரச்சினைக்குரிய வரிகளை அதுவரை பார்த்திராதவர்களும் பத்திரிகைகளில் படித்துவிட்டார்கள். ஒருவர் மேல் யாரோ நிஜமான அவதூறு எழுதியிருந்து, நீங்கள் உரையாடல் பக்கத்திலும் விக்கிமீடியா தன்னார்வலர்களின் மின்னஞ்சல் சேவையிலும் கேட்டுப் பார்த்துப் பலனே இல்லை என்றால் மட்டும் இதைப் பற்றி யோசிக்கலாம்.

## சும்மா இருப்பது

பக்கமே இல்லையே என்று கவலைப்படுகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். உங்களோடு சம்பந்தமில்லாத இரண்டு மூன்று பேர் உங்களைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார்களா? ஆண்டு விழாச் செய்தி, நீங்களே அனுப்பிய பத்திரிகைக் குறிப்பு, காசு கொடுத்துப் போட்ட 'சிறப்புப் பக்கம்' இதெல்லாம் கணக்கில் வராது. இந்திய நாளிதழ்களில் விளம்பரம் செய்தி வேஷத்தில் வருவது விக்கிப்பீடியர்களுக்கு நன்றாகத் தெரியும். அப்படி யாரும் எழுதவில்லை என்றால், எந்த வழியில் ஏற்றினாலும் பக்கம் நீக்கப்படும், நீக்கல் விவாதம் மட்டும் நிற்கும். அந்த நேரத்தை உங்கள் சொந்த இணையதளத்தில் போடுங்கள். பழைய முதல்வரின் படம் அங்கேயும்தான் இருக்கும், பாருங்கள்.

## ஏற்கெனவே ஒளித்துத் திருத்திவிட்டோமே?

இதையும் கேட்கிறார்கள், குரலைத் தாழ்த்தி. அதே கணக்கில் உள்நுழையுங்கள். பயனர் பக்கத்தில், நான் இன்ன நிறுவன ஊழியர், இந்தத் தேதிகளில் இந்தக் கட்டுரையில் தொகுத்தது நான்தான், இனி உரையாடல் பக்கத்தில் மட்டும் எழுதுவேன் என்று போடுங்கள். தடை விழுந்திருந்தால் புதுக் கணக்கு தொடங்காதீர்கள். அதைத்தான் கைப்பாவை என்பார்கள். தடைபட்ட கணக்கின் பேச்சுப் பக்கத்திலேயே, பெரும்பாலும், தடை நீக்கக் கேட்கலாம். நான் சொன்ன கல்லூரிக்காரர் அப்படித்தான் கேட்டார். தடை நீங்கியது, ஆனால் கணக்கின் பெயரை மாற்றச் சொன்னார்கள். முதல்வர் பெயர் மாற மூன்று வாரம் ஆயிற்று. அடுத்த கல்வியாண்டில் அந்த முதல்வரும் ஓய்வு பெற்றுவிட்டார். இந்த முறை எனக்கு போன் வரவில்லை, கோரிக்கை மட்டும் உரையாடல் பக்கத்தில் இருந்தது.